கதிரையை முதலில் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் குடும்பப் பக்கத்தில், ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கீரை, மீன், முட்டை, பருப்புச் சோறு என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் கிளினிக் மிட்வைஃபும் அதையேதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பிள்ளையை எதில் இருத்திக் கொடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் நாலு மாதமாக ஓடும் கதையே அதுதான் என்பதால், பிள்ளையை மேசை உயரத்துக்கு இருத்தும் பூஸ்டர் சீட்டையும் அது ஏறும் கதிரையையும் பற்றி இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது. வெட்டுவதென்றால் என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியதை வெட்டுங்கள், அளவுகளை வெட்டாதீர்கள்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் மனைப்பொருளியலும் தையலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால் பேரன் பகல் முழுக்க என் பொறுப்பு. ஆளுக்கு இப்போது ஒரு வயதும் ஐந்து மாதமும். போன மாதம் கிளினிக் கொப்பியில் எழுதிய நிறை 10 கிலோ 300.

ஒரு வயது வரைக்கும் மடியில் வைத்து ஊட்டினேன், பிரச்சினை இல்லை. கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் கோப்பையைத் தட்டிவிட்டு ஓட ஆரம்பித்தான். நானும் கோப்பையோடு முற்றம் முழுக்க, காகம் பார், பூனை பார், பக்கத்து வீட்டு ஓட்டோ பார் என்று பின்னால் ஓடினேன். மிட்வைஃப் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டார். "டீச்சர், ஓடி ஓடி விழுங்கினா புரைக்கேறும். நீங்க எல்லாரும் சாப்பிடுற மேசையில நேரா இருத்துங்க. தன்ட கையால எடுத்துத் தின்னட்டும்" என்றார். என் தங்கச்சி வயதில் பாதிகூட இருக்காது அந்தப் பிள்ளைக்கு. ஆனால் சொன்னது சரி.

நாலு காலோடு தனியாக நிற்கும் உயரக் கதிரையை மகள் முதலில் பார்த்தாள். விலையும் கூட, எங்கள் சாப்பாட்டு அறையில் அதை வைத்தால் குசினிக்குப் போக வழி இல்லை. அப்புறம்தான் பூஸ்டர் சீட் என்ற பேச்சு வந்தது. பெரியவர்கள் இருக்கும் கதிரையின் மேல் வைத்துக் கட்டிவிட்டால் பிள்ளை மேசை உயரத்துக்கு வந்துவிடும். "பூஸ்டர் எடுக்க வேணும்" என்று மகள் சொன்னதும் என் வீட்டுக்காரர், "ஏன், இவனுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சுதானே?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அந்தப் பெயரில் உள்ள குழப்பம் எங்களுக்கு 6,800 ரூபாயும் கொரியர் காசும் செலவு வைத்தது.

மகள் போனில் பார்த்து ஓடர் கொடுத்தாள். படத்தில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு இருந்தது, அது எதன் மேல் இருக்கிறது என்று தெரியவில்லை. பெட்டி வந்தது. உடைத்துப் பார்த்தால் கட்டுவதற்கு ஒரு பட்டிகூடக் கிடையாது. இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான். மருமகன்தான் கண்டுபிடித்தார், அது காருக்குப் போடுவது. காரின் சீட் பெல்ட் பெரிய ஆளுக்கு அளவானது. சின்னப் பிள்ளை இருந்தால் அது கழுத்திலும் வயிற்றிலும் போய் விழும். பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி, பெல்ட்டைத் தோளுக்கும் இடுப்புக்கும் கொண்டுவருவதுதான் அந்தச் சாமானின் வேலை. பிள்ளையைப் பிடித்து வைப்பது காரின் பெல்ட். அதனால் அதற்குச் சொந்தப் பட்டி தேவையில்லை. சாப்பாட்டு மேசைக்கு வாங்கும் பூஸ்டருக்கோ கதிரையோடு கட்ட ஒரு சோடிப் பட்டி, பிள்ளையைக் கட்ட இன்னொரு பட்டி என்று எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கார் இல்லை, ஒரு ஸ்கூட்டிதான் நிற்கிறது. திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டால் அந்த இலக்கத்தில் யாரும் பேசவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் எடுத்துச் சொல்லுங்கள் என்றார் மருமகன். சொல்வதற்குக் கையில் ஒரு பில்லாவது வேண்டும், அதுவும் இல்லை.

இரண்டாவது முறை நானே போனேன். பாலம் தாண்டி டவுனில் ஒரு கடை. மூன்று விதம் இருந்தது, மூன்றும் சீல் வைத்த பெட்டி. திறந்து காட்டச் சொன்னேன். "உடைச்சா எடுக்கணும் அம்மா" என்றார் அங்கு நின்ற தம்பி. துணி வாங்கப் போனால் பேலை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கசக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். பிள்ளையை வைத்துக் கட்டும் சாமானைப் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். பெட்டியில் பட்டிகளின் படம் தெளிவாக இருந்த ஒன்றை எடுத்து வந்தேன். சாமான் நல்லதுதான், இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறோம். பிழை வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் சாப்பாட்டு மேசை 1988இல் என் கலியாணத்துக்கு அப்பா செய்வித்தது. தேக்கு. ஆறு கதிரை. 2004 டிசம்பர் 26 கடல் வந்து போனபின் பார்த்தால் மேசை அறைக்குள்ளேயே மணலில் குப்புறக் கிடந்தது. கதிரை ஆறில் இரண்டுதான் கிடைத்தது, அதில் ஒன்று பக்கத்து வளவு முருங்கையடியில். மிச்சத்துக்குப் பிளாஸ்டிக் கதிரை வாங்கிப் போட்டோம், கல்லடியில் பாதி வீட்டில் அப்படித்தான். மிஞ்சிய தேக்குக் கதிரையில் ஒன்று சாமி அறையில் இருக்கிறது. மற்றது விறாந்தையில், என் வீட்டுக்காரர் உங்கள் பத்திரிகை படிக்கும் கதிரை. அதை யாரும் தொட முடியாது. ஆகவே பூஸ்டரைப் பிளாஸ்டிக் கதிரையில் கட்டினோம்.

கட்டிய நாளிலேயே எனக்குத் திருப்தி இல்லை. பிளாஸ்டிக் கதிரையின் இருக்கை நடுவில் குழிந்து பின்பக்கம் சரிந்திருக்கும். பூஸ்டரின் அடியில் நாலு ரப்பர் கால் இருக்கிறது, அதில் இரண்டுதான் கதிரையைத் தொட்டன. முதுகுப் பக்கம் வளைவானது, வழுக்கும். இறுக்கிக் கட்டிய பட்டி மூன்று நாளில் இரண்டு அங்குலம் மேலே ஏறியிருந்தது. ஏறினால் தளரும். நான் திரும்பத் திரும்ப இறுக்கினேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலைச் சாப்பாடு. இடியப்பமும் சொதியும். பேரன் இடியப்பத்தை நூல் நூலாகப் பிரித்து மேசையில் ஒட்டிக்கொண்டிருந்தான். மேசைக் காலுக்கும் காலுக்கும் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் போகிறது, அதில் இரண்டு பாதத்தையும் ஊன்றியிருந்தான் போல, நான் கவனிக்கவில்லை. சொதிச் சட்டியை எடுக்கக் கை நீட்டினேன். கர்ரென்று பிளாஸ்டிக் கால் தரையில் இழுபடும் சத்தம். திரும்பினால் கதிரையின் முன்கால் இரண்டும் நிலத்தில் இல்லை. பிள்ளை மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறான், அவனுக்கு அது ஊஞ்சல். இடது கையால் கதிரை முதுகைப் பிடித்தேன். சொதி சுவரில். இன்றைக்கும் அந்த மஞ்சள் கறை போகவில்லை. பின்னால் இருந்தது சீமெந்து நிலம், ஆசிரியர் அவர்களே. பிடி பிந்தியிருந்தால் பிள்ளையின் பின்மண்டை, அதற்குப் பின்னால் பூஸ்டரும் கதிரையும்.

அன்று பதினொரு மணிக்கு மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். கொக்கியில் கொழுவி நிறுக்கும் மின்தராசு வைத்திருக்கிறார். "தம்பி, மீன் பிறகு எடுக்கிறன், இதை நிறுத்துத் தாங்க" என்று பிளாஸ்டிக் கதிரையைக் கொடுத்தேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். 2 கிலோ 350. அடுத்ததாக விறாந்தைக் கதிரையைத் தூக்கி வந்தேன் (என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு படித்தார்). 7 கிலோ 100. பூஸ்டரையும் கொழுவினேன், இரண்டு கிலோவும் கொஞ்சமும். தராசில் சூரை வாசம்.

இப்போது கணக்குப் பாருங்கள். பிள்ளையும் பூஸ்டருமாகப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். அதுவும் கதிரையின் இருக்கையில் இல்லை, அதற்கும் அரை அடி உயரத்தில். அந்தப் பாரத்தைக் கீழிருந்து பிடித்து நிறுத்த வேண்டிய கதிரை இரண்டரைக் கிலோகூட இல்லை. போதாததற்கு அழுத்தினால் விரியும் கால். ஒரு வயதுப் பிள்ளை காலால் ஒரு உதை கொடுத்தால் அது சாயாமல் என்ன செய்யும்? பூஸ்டர் விற்பவர்கள் எல்லாரும் பூஸ்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது ஏறி இருக்கப்போகும் கதிரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் இந்தக் கதிரை.

தையல் டீச்சர் என்பதால் அளவுநாடா எப்போதும் கழுத்திலோ கையிலோ கிடக்கும். அதை எடுத்து முதலில் செய்திருக்க வேண்டியதை அன்று செய்தேன். மேசை உயரம் 30 அங்குலம். தேக்குக் கதிரையின் இருக்கை பதினேழரை. நடுவில் பன்னிரண்டரை அங்குலம். பேரனை நிலத்தில் சுவரோடு முதுகு படும்படி இருத்தி, கையை மடித்து, நிலத்திலிருந்து முழங்கை வரை அளந்தேன். ஆறு அங்குலம். (இதற்கு ஒரு பிஸ்கட் செலவு.) பிள்ளை வசதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் முழங்கையும் மேசையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் வர வேண்டும். அப்படியென்றால் பூஸ்டர் ஆறு அங்குலமோ சற்றுக் கூடவோ தூக்க வேண்டும். எங்கள் பூஸ்டரை மூன்று, நாலரை, ஆறு என்று மூன்று படியில் வைக்கலாம். மேல் படியில் வைத்தால் தேக்குக் கதிரைக்குச் சரியாக வருகிறது. பிளாஸ்டிக் கதிரையின் இருக்கையோ குழிந்து பதினாறரையில் இருந்தது. மேல் படியில் வைத்தும் மேசை அவனுடைய முழங்கைக்கு மேலே நின்றது. எட்டவில்லை என்பதால்தான் காலை ஊன்றி எம்பியிருக்கிறான். குறும்பு என்று நினைத்து நான் திட்டியிருக்கிறேன், பாவம்.

காலுக்கு இன்னொரு விஷயம். தேக்குக் கதிரையின் இருக்கை ஆழமானது. பூஸ்டரைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் முன்னால் நாலு அங்குலம் மிச்சம் வருகிறது, அந்த விளிம்பில் பாதம் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கால் ஊன்ற இடம் கிடைத்த பிள்ளை மேசைச் சட்டத்தைத் தேடுவதில்லை. நெளிவதும் குறைந்தது. பெரியவர்களே உயர வாங்கில் கால் தொங்க இருந்து சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

சரி, எந்தக் கதிரை? பாரமான மரக் கதிரை. நாலு காலும் ஆடாமல் நிற்க வேண்டும், இருக்கை தட்டையாக இருக்க வேண்டும், பூஸ்டரின் அடி முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும், முதுகில் பட்டி போக இடம் வேண்டும். மேலே மெத்தை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், மெத்தை அமுங்க அமுங்கப் பட்டி தளரும். மடிக்கும் கதிரை, சில்லு வைத்த கதிரை, முதுகில்லாத ஸ்டூல் எதுவும் ஆகாது. கைப்பிடி உள்ள கதிரையென்றால் இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். எங்கள் தேக்குக் கதிரையும் முப்பத்தைந்து வருடமும் ஒரு கடலும் கண்டது, பொருத்துகள் ஆடின. நாவற்குடாவிலிருந்து ஒரு ஓடாவியார் வந்து ஆப்பு வைத்துப் பசை போட்டு இறுக்கிக் கொடுத்தார். 1,500 ரூபாய், ஒரு தேத்தண்ணி. "இது இன்னும் அம்பது வருசம் நிக்கும், பேரன்ட பேரனும் இருக்கலாம்" என்று சொல்லிப் போனார்.

இனிப் பட்டியும் தையலும். இதில் மட்டும் நான் கொஞ்சம் கூடப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வளவுப் பிள்ளைக்கும் ஒரு பூஸ்டர் வாங்கியிருந்தார்கள், எங்களுடையதில் பாதி விலை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர்களுடையதில் பட்டி பிளாஸ்டிக்கோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் ஒரு ஓட்டம். நூல் முனை வெளியே நின்றது. லேசாக இழுத்தேன், மூன்று தையல் கழன்று வந்தது. என்னிடம் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளை அப்படித் தைத்துக் கொண்டுவந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன். பாரம் தாங்கும் பட்டியில் சதுரமாக நாலு பக்கமும் ஓட்டி, நடுவில் பெருக்கல் குறிபோலக் குறுக்கே அடித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையின் தோள்பட்டியில் பார்த்திருப்பீர்கள். எங்களுடையதில் அப்படி இருந்தது. கடையில் திறந்து காட்டினால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள், நிறத்தையும் முயல் படத்தையும் அப்புறம் பார்க்கலாம்.

கதிரையோடு கட்டும் பட்டி இரண்டு வேண்டும். ஒன்று இருக்கைக்கு அடியால் போவது, மற்றது முதுகுக்குப் பின்னால் போவது. அடிப்பட்டி மட்டும் இருந்தால் பூஸ்டர் முன்னுக்குக் கவிழும், முதுகுப்பட்டி மட்டும் இருந்தால் பக்கத்துக்கு வழுகும். கட்டி முடித்துப் பூஸ்டரைப் பிடித்து உலுக்கினால் கதிரையும் சேர்ந்து ஆட வேண்டும். பூஸ்டர் மட்டும் தனியாக ஆடினால் இறுக்கம் போதாது.

பிள்ளையைக் கட்டும் பட்டியில், இடுப்பைச் சுற்றி வருவதோடு தொடைக்கு நடுவால் ஒன்று வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பூஸ்டரில் இடுப்புப் பட்டி மட்டும்தான். இது ஏன் போதாது என்று எனக்கு 1991 முதல் தெரியும். இதை என் மகளுக்கே இப்போதுதான் சொன்னேன். அவளுக்கு அப்போது ஒரு வயது. மரக் கதிரையில் இருத்தி, துவாயால் வயிற்றைச் சுற்றிக் கதிரை முதுகோடு முடிந்துவிட்டு, அடுப்பில் சோறு வடிக்கப் போனேன். எங்கள் அம்மா எங்களுக்குச் செய்ததுதான். வந்து பார்த்தால் பிள்ளை கீழே வழுகி, துவாய் கக்கத்தில் நின்றது. அழவும் இல்லை. கழுத்துக்கு இன்னும் நாலு விரல். அன்றைக்குப் பிறகு நான் ஒரு பிள்ளையையும் துவாயால் கட்டியதில்லை. தொடைக்கு நடுவால் ஒரு பட்டி இருந்தால் அந்த வழுகல் நடக்காது. தோளுக்கும் இரண்டு பட்டி வருவதென்றால் எழும்பி நிற்கிற பிள்ளைக்கு இன்னும் நல்லது. முன்னால் வரும் தட்டு பிள்ளையைப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம், அது சோறு வைக்க மட்டும்.

தையல் தெரிந்தவளாயிற்றே, நீயே மருதமுனைத் துணியில் ஒன்று தைக்கலாமே என்று தங்கச்சி கேட்டாள். ஆசை வந்தது உண்மை. மருதமுனை நெசவில் நல்ல கனத்த துணி இருக்கிறது. ஆனால் வீட்டு மெஷினில் வீட்டு நூலால் தைத்த பட்டியை நம்பிப் பிள்ளையை ஏற்ற எனக்கு மனமில்லை. அந்தத் துணியில் ஆறு கழுத்துச் சீலை தைத்தேன், சோறு ஒழுகினால் பிடிக்க. அதற்கு அது அருமை.

பக்கிளையும் பாருங்கள். பிள்ளையின் விரலுக்குத் திறக்கக்கூடாது, வாதம் பிடித்த என் விரலுக்குத் திறக்க வேண்டும். புரைக்கேறினால் ஒரு நொடியில் தூக்க வேண்டுமே. எங்களுடையதை நான் பத்துத் தரம் பூட்டித் திறந்து பழகினேன். பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

மெத்தை வைத்துத் தைத்த பூஸ்டரை எடுக்காதீர்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். நம்முடைய சாப்பாடு பிஸ்கட்டும் ரொட்டியும் அல்ல, குழைத்த சோறும் சொதியும் தயிரும். தையல் வரியில் தயிர் போனால் இரண்டாம் நாள் மணக்கும், மூன்றாம் நாள் எறும்பு வரும். எறும்பு வந்ததைப் பிள்ளைக்குக் கடித்த பிறகுதான் காண்போம். மாரி காலத்தில் கழுவினால் ஒரு கிழமை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். வழவழவென்று ஒரே பிளாஸ்டிக்காக, பட்டி கழற்றிக் கழுவக்கூடியதாக எடுங்கள். நான் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன், அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்.

மண்டூரிலிருந்து வந்த தங்கச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்மட பிள்ளையெல்லாம் பலகையில இருந்துதானே வளந்த அக்கா, விழுறதுக்கு எங்க இடம்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நிலத்தில் இருந்து சாப்பிடும் வீட்டுக்குப் பூஸ்டர் தேவையே இல்லை. எங்கள் முழங்கால் மடங்காததால் நாங்கள் மேசைக்குப் போய்விட்டோம், பிள்ளையும் மேலே வர வேண்டியதாயிற்று. காத்தான்குடியில் என்னிடம் தையல் படித்த ஒரு பிள்ளை இருக்கிறார், இப்போது மூன்று பிள்ளைக்கு உம்மா. அவரிடம் கேட்டேன். "நாங்க பாயிலதானே டீச்சர் தின்னுற, சஹனுக்கு எல்லாரும் சுத்தி இருக்கக்குள்ள சின்னவனும் வந்து இருப்பான்" என்றார். (சஹன் என்பது எல்லாரும் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு.) ஆனால் அவரும் ஒரு பூஸ்டர் வைத்திருக்கிறார். கதிரையில் கட்டுவதில்லை, பாயில் வைத்துச் சின்னவரை அதில் இருத்திப் பட்டியைப் போடுகிறார், முதுகு நேராக நிற்கிறதாம், சோற்றுக்குள் காலை வைப்பதும் இல்லையாம். அடி தட்டையான பூஸ்டரென்றால் அது நல்ல யோசனை. விருந்தாளி வீட்டுக்குப் போகும்போது நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

எங்கள் பெட்டியில் ஓர் ஒட்டுத்தாளில் ஏதோ இலக்கங்கள் இருந்தன. படம் எடுத்துச் சுவிசில் இருக்கும் மகனுக்கு அனுப்பினேன். ஈ.என். 16120 என்பது பெரியவர்களின் கதிரையில் கட்டும் இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தரமாம். தானாக இருக்கப் பழகிய பிள்ளை முதல் 36 மாதம் வரை, 15 கிலோவுக்கு மேற்படாமல். தனியாக நிற்கும் உயரக் கதிரைக்கு வேறு இலக்கம், ஈ.என். 14988. அமெரிக்கச் சாமானென்றால் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2640 என்று இருக்கும், அங்கே 2020 முதல் அது சட்டப்படி கட்டாயம். இலக்கத்தை யாரும் அச்சடிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் இலக்கத்தைப் பார்த்த பிறகும் தையலைப் பார்க்கிறேன். ஆனால் 15 கிலோ என்ற கணக்கு உதவுகிறது. கிளினிக் கொப்பியில் நிறை அந்தப் பக்கம் வந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். ஆறு மாதம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், பிடிக்காமல் தானாக நிமிர்ந்து இருக்காத பிள்ளையை அதில் வைக்கக்கூடாது.

உள்ளே இருந்த கையேடு ஆங்கிலத்திலும் சீன மொழியிலும். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அதில் எந்தக் கதிரையில் கட்டக்கூடாது என்று ஒரு பக்கம் முழுக்கப் படத்தோடு இருந்தது, மகன் வாசித்துச் சொன்ன பிறகுதான் தெரியும். அதை முதல் நாளே எங்களால் வாசிக்க முடிந்திருந்தால் சுவரில் சொதி இல்லை. கொண்டுவந்து விற்பவர்களுக்கு ஒரு தாளில் தமிழும் சிங்களமும் அச்சடிக்க என்ன செலவு? கடைக்காரர்களிடம் நான் கேட்பது இன்னும் சின்னது. ஒவ்வொரு விதத்திலும் ஒன்றைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஒரு மரக் கதிரையும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் போடுங்கள். வாங்க வருபவர் கட்டி உலுக்கிப் பார்க்கட்டும். கதிரை உங்கள் கடையிலேயே விற்பனைக்கு அடுக்கியிருக்கிறது.

உங்கள் குடும்பப் பக்கத்தில் இதை ஒரு படத்தோடு போட்டால் நல்லது. மிட்வைஃப் பிள்ளையும் கேட்டார், வெட்டி எடுத்துக் கிளினிக் சுவரில் ஒட்டுவாராம்.

இப்போது எங்கள் வீட்டில் தேக்குக் கதிரை சுவரோடு முதுகு ஒட்டி நிற்கிறது, மேசையைத்தான் அதன் பக்கம் இழுத்திருக்கிறோம். பிள்ளை இருக்கும்போது நான் எழும்புவதில்லை, சட்டி எல்லாம் முன்னமே மேசைக்கு வந்துவிடும், அவன் கைக்கு எட்டாத தூரத்துக்கு. இன்று மத்தியானம் கீரையைத் தனியாகப் பிரித்து மேசையில் வரிசையாக ஒட்டிவிட்டு, மீனையும் சோற்றையும் தன் கையால் தின்றான். இருபது நிமிடம். விறாந்தையில் என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பத்திரிகை படிக்கிறார். முதுகு நோகிறது என்று நாளுக்கு இரண்டு தரம் சொல்கிறார், நான் கேட்காத மாதிரி இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.

பி.கு.: அந்தக் கார் பூஸ்டர் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. 15 கிலோவிலிருந்து பாவிக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பேரன் அந்த நிறைக்கு வருவதற்குள் கார் வாங்கிவிடுவேன் என்கிறார் மருமகன்.